மேனிக்வினா, மெய்நிகரா, கைப்பேசியா: கடலோர நர்சிங் கல்லூரி எதை வாங்கலாம்?

ராமநாதபுரம் கடலோரத்தில் நர்சிங் கல்லூரி நடத்துகிறவர்களுக்கும், அங்கே பாடம் எடுக்கிற என்னைப் போன்ற டியூட்டர்களுக்கும் இப்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் செமஸ்டர் முறைக்கு மாறியதோடு நிற்கவில்லை. மாணவிக்கு என்ன தெரியும் என்பதோடு அவளால் என்ன செய்ய முடியும் என்றும் பார்க்கச் சொல்கிறது. சிமுலேஷனுக்கு, அதாவது நிஜம் போல நடித்துப் பார்க்கும் பயிற்சிக்கு, இடம் கொடுக்கச் சொல்கிறது. நோயாளித் தகவல்களைக் கம்ப்யூட்டரில் கையாளும் நர்சிங் இன்ஃபர்மேடிக்ஸை முதல் ஆண்டிலேயே ஒரு பாடமாக வைத்திருக்கிறது. அதனால் நிர்வாகங்களும் பணம் ஒதுக்கத் தொடங்கியிருக்கின்றன. மேனிக்வின் என்கிற பேசும் பயிற்சிப் பொம்மை வாங்கலாமா, கண்ணில் மாட்டும் வி.ஆர். கருவி வாங்கலாமா, கம்ப்யூட்டரில் ஓடும் மெய்நிகர் நோயாளிகளுக்குச் சந்தா கட்டலாமா, இல்லை மாணவிகள் கையில் ஏற்கெனவே இருக்கும் போனை வைத்தே ஏதாவது செய்யலாமா?

எல்லாவற்றையும் வாங்குகிற வசதி இங்கே பெரும்பாலான கல்லூரிகளுக்கு இல்லை. ஒன்றை வாங்கினால் இன்னொன்று நான்கைந்து வருடத்துக்குத் தள்ளிப்போகும். அதனால் விலைப்பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன்னால், நமக்கு இந்தக் கருவி எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். என் வரையில் அது வினாவழிக் கற்றலுக்கு.

1969-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், பாடத்தை நடத்திவிட்டு நோயாளியைக் காட்டுவதற்குப் பதிலாக, நோயாளியின் பிரச்சினையை முதலில் வைத்து அதிலிருந்து பாடத்தைத் தேட வைத்தார்கள். வினாவழிக் கற்றல் என்று நான் சொல்லும் அந்த வழி பிறகு நர்சிங்குக்கும் வந்தது. ஒரு கேஸைத் துண்டு துண்டாகக் கொடுக்கிறோம். மாணவிகள் ஆறேழு பேர் உட்கார்ந்து, நமக்கு இதில் என்ன தெரியும், என்ன தெரியாது, எதைத் தேட வேண்டும் என்று பிரித்துக்கொள்கிறார்கள். தேடிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்து வாதாடுகிறார்கள். டியூட்டர் விடையைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். நோட்ஸ் சொல்லியே பழகிய நமக்கு இந்தப் பொறுமைதான் கஷ்டம்.

ஆகவே எந்தக் கருவியையும் நான் ஒரே அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன். மாணவிக்கு ஒரு கேள்வி எழுந்தால் இந்தக் கருவி அதை என்ன செய்கிறது? உடனே விடை சொல்லி மூடிவிடுகிறதா, அல்லது அவள் யோசித்து, தேடி, வார்டில் போய்ப் பார்த்துத் திரும்புகிற வரை அந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருக்கிறதா?

பொதுவாகப் பேசினால் எல்லாக் கருவியும் நல்லதாகத்தான் தெரியும். அதனால் ஒரு கேஸை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்க்கலாம். கற்பிப்பதற்காக எழுதிய கேஸ் இது, எந்த ஒரு தனி மனிதருடையதும் இல்லை. ஆனால் இந்தக் கடற்கரையில் யாருக்கும் நடக்கக் கூடியது.

34 வயது மீனவர். அதிகாலை 4 மணிக்கு இருட்டில் வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது வலது கையில் ஏதோ சுருக்கென்றது. மீன் முள் என்று நினைத்து உதறிவிட்டு வேலையைப் பார்த்தார். வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. கரைக்கு வந்து, டீ குடித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்தார். 7 மணிக்கு எழுந்தபோது கழுத்தும் தொடையும் பிடித்துக்கொண்டு, அசைத்தாலே வலி. ராத்திரி முழுக்க வலை இழுத்த அலுப்பு என்று வீட்டில் தைலம் தேய்த்தார்கள். 9.30-க்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

இந்த இடத்தில் கேஸை நிறுத்திவிட்டு வகுப்பைப் பார்த்தால், யாராவது ஒருத்தி "கடல் பாம்பா இருக்குமோ மேடம்" என்பாள். இன்னொருத்தி உடனே "அப்ப ஏ.எஸ்.வி. போடணும்" என்பாள். நம் ஊரில் பாம்புக்கடி என்றால் அடுத்த சொல்லாக வருவது அந்த விஷமுறிவு மருந்துதான். அடுத்த துண்டைக் கொடுக்கிறேன். கையில் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிகள். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையில் ரத்தம் ஒழுங்காக உறைந்திருக்கிறது. கூடவே ஏ.எஸ்.வி. குப்பியின் லேபிள். அதில் இருப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு தரைப் பாம்புகள் மட்டும். கடல் பாம்பு அதில் இல்லை. இந்தியாவில் கிடைக்கும் இந்த மருந்து கடல் பாம்பு விஷத்துக்கு வேலை செய்யாது.

வகுப்பு அமைதியாகிவிடும். "அப்ப என்னதான் செய்யறது?" என்ற கேள்வி வரும். அங்கிருந்துதான் கற்றல் ஆரம்பம். அந்த விஷம் தசையைச் சிதைக்கிறது, சிதைந்த தசையின் மயோகுளோபின் என்ற புரதம்தான் சிறுநீரைக் கறுக்க வைக்கிறது, அது சிறுநீரகத்தை அடைக்கலாம், தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம், இமை சரிவதைத் தொடர்ந்து மூச்சுத் தசைகளும் தளரலாம். இவற்றைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, மணிக்கொரு தரம் சிறுநீரை அளப்பது, ஈ.சி.ஜி.யைக் கவனிப்பது, இமையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது, டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு நேரத்தோடு அனுப்ப ஏற்பாடு செய்வது என்று கேர் பிளான், அதாவது நர்சின் பராமரிப்புத் திட்டம், தானாக உருவாகும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். அந்த வழியில் ஆம்புலன்ஸில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டு வருவது என்பதும் நர்சின் கேள்விதான்.

சரி, இப்போது கருவிகளுக்கு வருவோம்.

முதலில் உயர்தர சிமுலேட்டர், அதாவது மூச்சு விடுகிற, நாடி துடிக்கிற, பேசுகிற மேனிக்வின். விலை பல லட்சங்களில் தொடங்கும், வசதிகள் கூடக் கூட எங்கேயோ போய்விடும். அதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் கேஸில் பொட்டாசியம் ஏறுவதை மானிட்டரில் காட்டலாம், மூச்சு மேலோட்டமாக ஆவதைக் காட்டலாம், மாணவி கவனிக்கத் தவறினால் நோயாளியின் நிலை மோசமாவதையும் காட்டலாம். உயிருள்ள ஒரு மனிதரை வைத்து இப்படிக் கற்க முடியாது, கற்கவும் கூடாது. அமெரிக்காவின் மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 10 நர்சிங் கல்லூரிகளில் ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2014-ல் வெளியிட்டது. வார்டு நேரத்தில் பாதி வரை சிமுலேஷனுக்கு மாற்றிய மாணவர்களும், வழக்கமாக வார்டிலேயே கற்றவர்களும் அறிவிலும் திறனிலும் ஒரே அளவில் இருந்தார்கள் என்று அது காட்டியது.

விற்க வருகிறவர்கள் இந்த ஆய்வைத்தான் காட்டுவார்கள். ஆனால் அதில் அடுத்து உள்ளதையும் படிக்க வேண்டும். அங்கே சிமுலேஷன் நடத்திய ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும், என்ன பார்த்தாய், ஏன் அப்படிச் செய்தாய், வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று முறையாக உட்கார்ந்து பேசினார்கள். டிப்ரீஃபிங் என்கிற அந்தப் பேச்சில்தான் கற்றல் நடக்கிறது. மேனிக்வின் அதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான். டிப்ரீஃபிங் நடத்தத் தெரியாத கல்லூரியில் பல லட்சம் ரூபாய் மேனிக்வினும் ஊசி போட்டுப் பழகும் பொம்மையாகத்தான் இருக்கும்.

நம் ஊர் நிலவரமும் சேர்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் உப்புக்காற்றில் அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாகி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். அந்தக் காற்றுதான் நம் லேபுக்குள்ளும் வீசுகிறது. உள்ளே கம்ப்ரஸரும் சர்க்யூட்டும் உள்ள ஒரு கருவியை இங்கே வைத்தால் ஏ.சி., யு.பி.எஸ்., ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் விலை கணக்குப் போட வேண்டும். பழுதானால் சரிசெய்யும் ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும். அப்புறம், 60 பேர் உள்ள வகுப்பில் ஒரு நேரத்தில் ஆறேழு பேர்தான் அதைச் சுற்றி நிற்க முடியும். ஒரு மாணவியின் முறை திரும்ப வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

அதற்கு மாற்று இருக்கிறது. சாதாரண மேனிக்வின் ஒன்று, மானிட்டர் போலக் காட்டும் செயலி போட்ட ஒரு டேப்லெட், பேசுவதற்கு ஒரு சீனியர் மாணவி. யூரின் பையில் கடுங்காப்பியை ஊற்றித் தொங்கவிட்டால் மயோகுளோபின் சிறுநீர் தயார். பக்கத்து அறையிலிருந்து டியூட்டர் டேப்லெட்டில் நாடித் துடிப்பைக் கூட்டிக் குறைக்கலாம். உயர்தர சிமுலேட்டர் நம் கேஸில் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இது செய்துவிடும். சீனியர் மாணவி "சிஸ்டர், கழுத்தத் திருப்பவே முடியல" என்கிற தொனியில் பேசும்போது ஜூனியர்கள் நிஜமாகவே பதறுவார்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஆங்கிலக் குரலால் அந்தப் பதற்றத்தைக் கொடுக்க முடியாது.

அடுத்தது மெய்நிகர் நோயாளிகள். கம்ப்யூட்டர் திரையில் நோயாளி வருவார், மாணவி கேள்வி கேட்டுச் சிகிச்சை செய்யலாம், ஒவ்வொரு முடிவுக்கும் விளைவு வரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப ஓட்டலாம், ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்தும் செய்யலாம். நல்ல விஷயம்தான். கூச்ச சுபாவமுள்ள மாணவி நாலு பேர் முன்னால் தப்பு செய்யாமல் பழகிக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மேற்கு நாட்டு ஆஸ்பத்திரிகளை மனதில் வைத்து எழுதியவை. அங்கே ஒரு நர்சுக்கு உள்ள அதிகாரம் வேறு, மருந்துகளின் பெயர் வேறு, சில இடங்களில் ரத்தச் சர்க்கரையின் அலகே வேறு. நம் மீனவரின் கேஸ் அதில் கிடையாது, சேர்க்கவும் பெரும்பாலும் வழி இல்லை. சந்தா ஒரு மாணவிக்கு இவ்வளவு என்று வருடா வருடம் கட்ட வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் கையில் எதுவும் மிஞ்சாது. முழுக்க இன்டர்நெட்டை நம்பி ஓடுவதால், கரண்டோ நெட்டோ போகிற மழைக்காலத்தில் வகுப்பும் போய்விடும். நம் ஊரில் நவம்பர், டிசம்பர் எப்படி இருக்கும் என்று தெரியும்.

வி.ஆர். கருவியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒருவர் மாட்டினால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டும். சிலருக்குத் தலை சுற்றும். வினாவழிக் கற்றலின் உயிரே சேர்ந்து உட்கார்ந்து பேசுவதில் இருக்கும்போது, ஆளுக்கொரு கண்ணாடிக்குள் போவது எனக்கு உவப்பாக இல்லை. இன்றைய விலையில் இது நமக்கு வேண்டாம்.

ஏ.ஐ. சாட்பாட் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். யாரும் வாங்கித் தராமலே மாணவிகள் கையில் அது வந்துவிட்டது. கேர் பிளானை அதில் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். படித்தால் தெரிந்துவிடும். எல்லா நோயாளிக்கும் ஒரே அழகான ஆங்கிலம், ஒரே ஆறு நர்சிங் நடவடிக்கைகள், நோயாளியின் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். என் அளவுகோலின்படி பார்த்தால் கேள்வியை மிக வேகமாக மூடுகிற கருவி இதுதான். தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே உறுதியோடு சொல்லும். மருந்தளவு விஷயத்தில் அந்த உறுதி ஆபத்தானது.

தடை போட்டு இதை நிறுத்த முடியாது. தடை போட்டால் மறைத்துச் செய்வார்கள், அது இன்னும் மோசம். அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் உன் ஊகத்தைக் கையால் எழுது. பிறகு சாட்பாட்டிடம், என் ஊகத்தில் என்ன ஓட்டை என்று கேள். அது சொன்ன ஒவ்வொரு வரிக்கும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலிலோ பாடப்புத்தகத்திலோ ஆதாரம் தேடு. ஆதாரம் கிடைக்காத வரியை அடித்துவிடு. அப்படிச் செய்யும்போது அதே சாட்பாட் ஒரு தர்க்கத் துணையாக மாறுகிறது. நோயாளியாக நடிக்கச் சொல்லிப் பேட்டி எடுத்தும் பழகலாம். ஆனால் அது பேசும் தமிழ் ஏட்டுத் தமிழ். "எனக்குத் தலைச்சுற்றல் ஏற்படுகிறது" என்று சொல்லும். நம் வார்டில் ஒரு பாட்டி "மேலுக்கு முடியல தாயி, கிறுகிறுன்னு வருது, காலு உளையுது" என்பார். இந்த மூன்றில் எதை முதலில் தோண்டுவது என்பதைப் பாட்டியிடம்தான் கற்க வேண்டும். இன்னொன்று, நோயாளியின் பெயர், விவரம், கேஸ் ஷீட் போட்டோ எதையும் அதில் போடக் கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நம் தொழில் தர்மம் அதுதான்.

வாட்ஸ்அப் குழுவைச் சிலர் இதற்கெல்லாம் போதும் என்பார்கள். அறிவிப்புக்குப் போதும். ஒரு மாணவி காலையில் கேட்ட நல்ல கேள்வி மதியத்துக்குள் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே போய்விடும். ஒருத்தி பதில் போட்டதும் மற்ற எல்லோரும் கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நான் அதிகம் நம்புவது கடைசி வழியை. கல்லூரிக்குள்ளேயே ஒரு சிறிய சர்வர், அதில் ஆன்லைன் வகுப்பறை போல இயங்கும் மூடுல் என்ற இலவச மென்பொருள், மாணவிகளின் சொந்த போன்கள். மூடுல் 2002 முதல் இருக்கிறது, உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன, லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரில் ஓடும்படி மூடுல்பாக்ஸ் என்று ஒரு வடிவமும் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஆன் செய்தால் அதுவே ஒரு வைஃபை கொடுக்கும், மாணவிகள் இன்டர்நெட் இல்லாமலே போனில் நுழையலாம். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஏறினால் அந்தச் சின்னப் பெட்டி திணறும். ஆபீஸில் சும்மா கிடக்கும் டெஸ்க்டாப் ஒன்றும் நல்ல ரவுட்டர் ஒன்றும் இருந்தால் அந்தக் கவலை இல்லை. யு.பி.எஸ். வைத்தால் கரண்ட் போனாலும் ஓடும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கிறது, தீவுப் பக்கமும் கடற்கரைக் கிராமங்களிலும் சிக்னல் வந்து வந்து போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் நெட் இல்லாமல் ஓடுவது பெரிய விஷயம்.

விலையைவிட எனக்குப் பிடித்தது அதற்குள் இருக்கும் ஒரு சின்ன அமைப்பு. மூடுலில் கேள்வி-பதில் மன்றம் என்று ஒன்றைத் திறந்தால், ஒரு மாணவி தன் பதிலை எழுதிப் போடாமல் மற்றவர்களின் பதிலைப் பார்க்க முடியாது. மாற்றி எழுதுவதற்குக் கொடுத்திருக்கும் நேரம் முடியும் வரை, வழக்கமாக அரை மணி நேரம், அவளுக்கும் மற்றவை திறக்காது. வாட்ஸ்அப்பில் ஒளிந்துகொள்கிற 40 பேரும் இங்கே எழுதியே ஆக வேண்டும். அதே போல, இந்தத் துண்டுக்கு விடை எழுதினால்தான் அடுத்த துண்டு திறக்கும் என்றும் வைக்கலாம். நம் மீனவரின் 7 மணிக் கழுத்துவலியை யோசித்து எழுதாமல் 9.30 மணிச் சிறுநீருக்குப் போக முடியாது. அடுத்த நாள் வகுப்புக்குப் போகும் முன் எல்லோர் ஊகத்தையும் டியூட்டர் படித்துவிடலாம். 60 பேரில் எத்தனை பேர் அலுப்பு என்று எழுதினார்கள், எத்தனை பேர் கையைப் பார்க்கச் சொன்னார்கள் என்று தெரிந்துவிட்டால், எங்கே பேச்சைத் தொடங்குவது என்ற குழப்பமே இருக்காது.

தேடுவதற்கான நூலகத்தையும் அதே சர்வரில் வைக்கலாம். மருத்துவ விக்கிப்பீடியா முழுவதையும் இன்டர்நெட் இல்லாமல் படிக்க கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் உதவும். முதல் அறிமுகத்துக்கு அது போதும். அதற்கு மேல் சுகாதார அமைச்சகத்தின் பாம்புக்கடி சிகிச்சை வழிகாட்டுதல், 2030-க்குள் பாம்புக்கடி மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் நோக்கத்தோடு 2024-ல் வந்த தேசியச் செயல்திட்டம், அதே ஆண்டு நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழ்நாடு அரசு சேர்த்த உத்தரவு ஆகியவற்றைப் போட்டு வைக்கலாம். கேஸைத் தொடர்ந்து இந்த ஆவணங்களுக்குள் போகிற மாணவி, நர்ஸ் எழுதும் ஒரு பதிவு அரசின் கணக்குக்கு எப்படிப் போகிறது என்பதையும் பார்த்துவிடுகிறாள்.

மேனிக்வினால் எடுத்துக்கொள்ளவே முடியாத கேள்விகளும் இந்தக் கடற்கரையில் உண்டு. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்கள் கையை ஒரு முறை அருகில் பாருங்கள். விரல் நுனி ஒவ்வொன்றிலும் கிழித்த துணியைச் சுற்றியிருப்பார்கள். துணியை அவிழ்த்தால் தோல் வெளுத்து ஊறிப்போய், பாறையும் பவளமும் கிழித்த கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக, பழைய கோடு ஆறுவதற்குள் புதியது விழுந்திருக்கும். பெருவிரலை மடக்கச் சொன்னால் விரிசல் வாய் திறக்கும். முகம் தெரியாமல், அவர்கள் சம்மதத்தோடு எடுத்த அப்படியொரு கையின் படத்தை மட்டும் மூடுலில் போட்டு, "நாளைக் காலை 6 மணிக்கு இந்தக் கை மறுபடி கடலுக்குள் போகும். எந்த டிரெஸ்ஸிங் போடுவாய்?" என்று கேட்டால் போதும். காயத்தை ஈரம் படாமல் வை என்கிற பாடப்புத்தக வரி அங்கே உதவாது. உப்புநீரில் தாக்குப்பிடிக்கும் மறைப்பு எது, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார், இரண்டு நாள் ஓய்வெடுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா, அந்த இரண்டு நாள் சம்பாத்தியத்தை யார் கொடுப்பார்கள் என்று கேள்விகள் கிளை விட்டுப் போகும். கையுறை மாட்டச் சொல்லலாம் என்பாள் ஒருத்தி. கையுறையோடு பாறையில் ஒட்டிய பாசியைப் பறிக்க வருமா என்று அந்தப் பெண்களிடமே போய்க் கேட்க வேண்டும். ஊருக்குள் போய்ச் செய்யும் கம்யூனிட்டி போஸ்டிங் பயிற்சியில் அதைக் கேட்டு, பதிலைக் குரல் பதிவாகச் சர்வரில் ஏற்றுவதே அவர்களுடைய வீட்டுப்பாடம்.

ஏர்வாடியும் அப்படித்தான். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநல நர்சிங் படிக்கிற நம் மாணவி அதைத் தெரியாமல் படிப்பை முடிக்கக் கூடாது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. அந்தப் பிரிவைப் படிக்கக் கொடுத்து, கட்டுப்படுத்த முடியாத கிளர்ச்சியில் இருக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு இரவு டியூட்டியில் தனியாக இருக்கும் நர்ஸ் என்னென்ன செய்யலாம் என்று எழுதச் சொன்னால், அந்த வகுப்பில் ஒருவரும் தூங்க மாட்டார்கள்.

இந்த வழிக்கும் விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. சர்வரை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். போன் இல்லாத, அல்லது உடைந்த போன் வைத்திருக்கும் மாணவிகளுக்காகக் கல்லூரி நான்கைந்து டேப்லெட்டாவது வாங்கி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக டியூட்டரின் நேரம். ஒரு நல்ல கேஸை எழுதி, துண்டுகளாகப் பிரித்து, மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, படங்களுக்குச் சம்மதம் வாங்குவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே வகுப்பு, வார்டு மேற்பார்வை, லாக் புக் திருத்துவது என்று மூச்சுத் திணறுகிற டியூட்டரிடம் இதையும் சேர்த்துப் பாருங்கள் என்றால் நடக்காது. நிர்வாகம் மேனிக்வினுக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியை, கேஸ் எழுதும் டியூட்டருக்கு வகுப்புச் சுமையைக் குறைக்கச் செலவிட வேண்டும். இது நடக்காது என்றால் சர்வர் வாங்குவதிலும் பயனில்லை, பி.டி.எஃப். நோட்ஸ் ஏற்றி வைக்கும் இடமாகத்தான் அது முடியும்.

ஆகவே என் தேர்வு இது. முதல் செலவு சர்வர், ரவுட்டர், யு.பி.எஸ்., சில டேப்லெட்டுகள், கேஸ் எழுத நேரம். இரண்டாவது செலவு நல்ல சாதாரண மேனிக்வின்களும், டியூட்டர்கள் இரண்டு பேருக்கு டிப்ரீஃபிங் பயிற்சியும். கேள்விகளைச் சர்வரில் தொடங்கி, லேபில் நடித்துப் பார்த்து, வார்டில் போய்ச் சரிபார்க்கலாம். மெய்நிகர் சந்தாவை ஒரு வருடம் நாலைந்து லாகினோடு சோதித்துப் பார்க்கலாம், முழு வகுப்புக்கும் கட்ட வேண்டாம். உயர்தர சிமுலேட்டரை ஒரு கல்லூரி தனியாக வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாவட்டத்தில் இருக்கும் நர்சிங் கல்லூரிகள் சேர்ந்து ராமநாதபுரத்தில் ஓர் இடத்தில் வைத்து, ஒரு டெக்னீஷியனுக்குச் சம்பளம் கொடுத்து, முறை போட்டு வந்து போனால் அது தினமும் ஓடும். டவுனிலேயே கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில், கருவியைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறார் என்றால் என் வரிசையில் இரண்டாவதை முதலாவதாக்கினாலும் தப்பில்லை. தொண்டியிலோ சாயல்குடிப் பக்கமோ இருக்கும் கல்லூரிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

கேஸ்களை எங்கிருந்து சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டும் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டும் ஊரில் இருப்பார்கள். பேச நேரம் இருக்கும். கிராம சுகாதார செவிலியர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போனால் கதவு தானாகத் திறக்கும். திருக்கை முள் குத்தினால் இங்கே முதலில் என்ன செய்கிறார்கள், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைக்க யார் சொல்லிக்கொடுத்தது, 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் எப்படிப் பார்க்கிறார்கள், மரத்துப்போன காலைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டா, சொறி மீன் பட்டால் எதைத் தேய்க்கிறார்கள், பனையிலிருந்து விழுந்தவரை எப்படித் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கரிமூட்டத்தில் கை வெந்தால் எத்தனை மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரலாம். பெயர்களை நீக்கி, வயதையும் ஊரையும் மாற்றி, டியூட்டர்கள் உட்கார்ந்து எழுதினால் ஜூலைக்குள் முதல் செட் கேஸ்கள் சர்வரில் ஏறிவிடும்.